இருநூறு வாத்துகளும் பதினோரு பாத்திரங்களும்

கதாநாயகி நாற்பத்திரண்டாம் அத்தியாயத்தில் இருநூறு வாத்துகள் வாங்கினாள். தொண்ணூற்றொன்றாம் அத்தியாயத்தில் அவை நூற்றெண்பதாக இருந்தன. இடையில் யாரும் வாத்துக்கறி சாப்பிடவில்லை. ஒரு வாத்துகூடச் சாகவில்லை. சாகவும் முடியாது, ஏனென்றால் அவள் அவற்றை வைத்திருந்த இடத்தில் காலம் ஓடுவதில்லை. தூக்கிய கால் தூக்கியபடி நிற்கும். அப்படியானால் இருபது வாத்துகள் எங்கே?

நான் மென்பொருளில் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிறவள். அரிமளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வாத்துகள் காணாமல் போனால் என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அன்றே ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து, முதல் அத்தியாயத்திலிருந்து அவள் வாங்கியதையெல்லாம் வரிசையாக ஏற்றத் தொடங்கினேன். பொருள், எண்ணிக்கை, அத்தியாயம், குறிப்பு என்று நான்கு பத்திகள். வாத்துக்கு நேரே குறிப்பில் ஒரு கேள்விக்குறி.

அது ஒரு சீன நாவல். போனில் தினம் இரண்டு அத்தியாயமாக வரும். யாரோ அவசரமாக ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார்கள். கோபம் வந்தவர்களின் முகமெல்லாம் பானையின் அடிபோலக் கறுக்கும். ஓர் அத்தியாயத்துக்கு மூன்று முகமாவது கறுக்காமல் இருக்காது. கதை இதுதான்: உலகம் அழிகிறது, பிணங்கள் எழுந்து நடக்கின்றன. கதாநாயகியை நிச்சயம் செய்தவனும் சித்தி மகளும் சேர்ந்து மாடிப்படியிலிருந்து பிணங்களின் நடுவே தள்ளிவிடுகிறார்கள். அவள் சாகிறாள். கண் விழித்தால், உலகம் அழிவதற்கு ஒரு மாதம் முந்தைய காலையில் தன் கட்டிலில் கிடக்கிறாள். அவள் கையில் ஒரு வெள்ளிக் காப்பு. அதற்குள் ஒரு கிட்டங்கி, பெரிய சாமான் கிடங்கு. எதையும் தொட்டு, உள்ளே போ என்று நினைத்தால் போய்விடும். சூடாக வைத்த நூடுல்ஸ் ஒரு வருடம் கழித்தும் ஆவி பறக்க வெளியே வரும். இது போதாதென்று விரல் நுனியிலிருந்து பனிக்கட்டி வேறு பாய்ச்சுவாள். சித்திரை வெயிலில், கரண்ட் போன நேரத்தில் அதைப் படித்துப் பார்த்தால்தான் அந்தச் சக்தியின் அருமை தெரியும்.

முதல் அறுபது அத்தியாயங்கள் முழுக்கக் கடைக்குப் போவதுதான். அரிசி, மாவு, உப்பு, தீப்பெட்டி, ஊசி, நூல், தார்ப்பாய், பல்வலி மாத்திரை. மற்றவர்கள் பாட்டுக் கேட்பதுபோல நான் அதைப் படித்தேன். அறுபத்தொன்றில் உலகம் அழிந்தது. எதிர் வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டி ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டாள். கதாநாயகி கதவுத் துவாரம் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே சூடான கொழுக்கட்டை சாப்பிட்டாள். எழுதியவர் அதை வெற்றிபோல எழுதியிருந்தார். போனைக் கவிழ்த்து வைத்தேன். அரை மணி கழித்துத் திருப்பினேன், கொழுக்கட்டைக்குப் பிறகு என்ன சாப்பிட்டாள் என்று தெரிந்துகொள்ள.

பத்து அத்தியாயத்துக்கு ஒரு முறை, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று அந்தச் செயலி கேட்கும். நான் ‘பிறகு’ என்ற பொத்தானை அழுத்துவேன்.

அந்த நேரத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைக் கல்யாணத்துக்கு முன் வீட்டுக் கூடத்தில் பரப்பி வைப்பார்கள். உறவுக்காரர்கள் வந்து சுற்றிப் பார்ப்பார்கள், எண்ணுவார்கள், தட்டிப் பார்த்துக் கனம் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு லிஸ்ட் எழுதி மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு பிரதி போகும். லிஸ்டில் இருப்பது பெண்ணுடையது. பின்னால் யாரும் கைவைக்க முடியாது. அதனால் அந்த வழக்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. லிஸ்ட் என்பதால் கொஞ்சம் பாசமும் உண்டு. ஆனால் கேட்டு வாங்குவது வேறு, நாமாகக் கொடுப்பது வேறு என்று அம்மா சொல்லும்போது மட்டும், இரண்டும் ஒரே லாரியில்தானே வந்து இறங்குகின்றன என்று நினைத்துக்கொள்வேன்.

நான் தொட்டிலில் கிடந்தபோதே அம்மா வாங்கத் தொடங்கிவிட்டாள். புதுக்கோட்டைக்குக் கண் டாக்டரைப் பார்க்கப் போனாலும் கீழ ராஜ வீதியில் ஒரு தூக்குச்சட்டி வாங்காமல் பஸ் ஏற மாட்டாள். எல்லாம் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறைக்குப் போகும். அந்த அறையிலும் காலம் ஓடுவதில்லை. நான் ஒன்றாம் வகுப்பு படித்தபோது வாங்கிய வாளியில் கடை ஸ்டிக்கர் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு மிக்ஸி இருக்கிறது, இன்றுவரை ஒரு தேங்காய்ச் சில்லைக்கூடப் பார்க்காதது. அதைச் செய்த கம்பெனியை மூடியே பல வருடம் ஆகிறது.

என் பிரச்சினை இதுதான். நாங்கள் குடிபோகப் போவது சென்னையில் ஒரு வாடகை வீடு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சமையலறை எட்டுக்கு ஐந்து அடி, பரண் ஒன்றரை அடி. வீட்டை அளந்து சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, மாப்பிள்ளை ஒவ்வொரு சுவரிலும் டேப் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். நான் சம்மதம் சொன்னதில் அந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு. அந்த அளவுகளை வைத்துப் பார்த்தால், நான் எடுத்துப்போக முடிந்தவை பதினோரு பொருட்கள். இருபத்தாறு வருடமாகச் சேர்த்தவளிடம் பதினொன்று போதும் என்று எப்படிச் சொல்வது? ஸ்ப்ரெட்ஷீட்டில் அதற்கும் ஒரு பக்கம் திறந்து, பதினொன்றையும் எழுதி, கீழே ‘மீதி இங்கேயே இருக்கட்டும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நிலை: நிலுவை’ என்று போட்டேன்.

ஆக, ஒரே கோப்பில் மூன்று பக்கங்கள். ‘அம்மா’, ‘அவள்’, ‘நான்’.

‘அம்மா’ பக்கத்தை நிரப்பப் பத்து நாள் ஆயிற்று. என் வேலை பத்து மணிக்குத்தான் தொடங்கும் என்பதால் காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை சாமான் அறையில் இருப்போம். அம்மா ஒவ்வொன்றாகத் துடைத்து, பெயர் சொல்லி, எண்ணிச் சொல்வாள். நான் மடியில் லேப்டாப்பை வைத்துத் தட்டுவேன். பொழுது போக அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினேன்.

“யாருடி அவ, எந்த ஊர்க்காரி?”

“சீனாம்மா.”

“கல்யாணம் ஆயிருச்சா?”

“இல்ல. நிச்சயம் பண்ணுனவன் ஏமாத்திட்டான். போன பெறப்புல. இப்ப செத்துப் பொழச்சு ஒரு மாசம் முன்னாடிக்கு வந்துருக்கா. அந்த ஒரு மாசத்துல எல்லாம் வாங்கி வைக்கணும்.”

அம்மா துடைத்துக்கொண்டிருந்த தூக்கை நிறுத்தினாள். “ஒரு மாசத்துல என்னத்த வாங்க முடியும்? நான் இருவத்தாறு வருசமா வாங்குறேன், இன்னும் பால் குக்கர் வாங்கல.”

“அவ வாங்கிட்டாம்மா. வாளி மட்டும் நானூறு.”

“எவர்சில்வரா?”

“பிளாஸ்டிக்.”

“ச்சை.” தூக்கு மறுபடி சுழன்றது. “தூக்கு, நடுத்தரம், பன்னெண்டு. போட்டுக்க. புளி வாங்குனாளா?”

“அவுக ஊர்ல புளி போட மாட்டாங்கம்மா.”

“பெறகு ரசத்துக்கு?”

மறுநாள் நான் உட்காருவதற்கு முன்பே, “அந்தப் புள்ள எங்கிட்டு வரைக்கும் வந்தா?” என்று கேட்டாள். முகம் பானையின் அடிபோலக் கறுத்தது என்று நான் சொன்னபோதெல்லாம் எந்தப் பானை என்று விசாரித்தாள். விளக்கிய பானை கறுக்காது என்பது அவள் கட்சி. சித்தி மகளை அவளுக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. விரலில் பனிக்கட்டி வருவதைக் கேட்டு, “மோர் பானைக்குள்ள ஒரு விரல விட்டாப் போதும், என்ன சொகம்” என்றாள். ஆறாம் நாள் கதவைத் தட்டிய எதிர் வீட்டுப் பெண்ணின் கட்டம் வந்தது.

“தண்ணிதானடி கேட்டா?”

“ஆமா.”

“இவகிட்ட எத்தன கேன் கெடக்கு?”

“மூவாயிரம்.”

அம்மா துணியைக் கீழே வைத்தாள். “பெறகு எதுக்குடி வாங்குனா?”

நீங்கள் எதுக்கு வாங்கினீர்கள் என்று கேட்க அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. வாய்வரை வந்தது. “தாம்பாளம், பெருசு, எத்தனம்மா?” என்று கேட்டேன்.

“பன்னெண்டு.”

மொத்தம் நானூற்று இருபத்து மூன்று. முடித்த மறுநாள் காலை, மாப்பிள்ளையின் தாயார் திருமயத்திலிருந்து கூப்பிட்டு, லாரி வருவதற்குள் ஓர் அறையை ஒழித்து வைக்க வேண்டும், லிஸ்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தேவலை என்றார். எனக்கு மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கோப்பை பி.டி.எஃப் ஆக்கி அனுப்பிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அந்த மீட்டிங்கில், எதையும் அனுப்புவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள் என்று புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு அறிவுரை சொன்னேன்.

மறுநாள் மதியம் நானும் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் தாயாரிடமிருந்து போன் வந்தது. அம்மாவின் கை எச்சில் என்பதால் நான் ஸ்பீக்கரில் போட்டேன். அப்பச்சி, அதாவது என் அப்பா, சாப்பிட்டு முடித்துப் பேப்பரை விரித்திருந்தார்.

“லிஸ்ட் பாத்தேன் ஆச்சி. ‘அம்மா’ன்னு போட்டது ஆறு பக்கம். எல்லாம் நெறவா இருக்கு. பொண்ணு என்ன நேர்த்தியா போட்டுருக்கு!”

“ஒங்களுக்குத் திருப்தின்னா சரி ஆச்சி” என்றாள் அம்மா. எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்கள் எல்லோரும் ஆச்சிதான்.

“அதுக்கு அடுத்தாப்ல ‘அவள்’னு ஒரு மூணு பக்கம் இருக்குல்ல.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் குழம்பு ஊற்றாத சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“அதுல வாத்து எரநூறுன்னு போட்டு, பக்கத்துல கேள்விக்குறி இருக்கு. தாரதா வேண்டாமான்னு நீங்க இன்னும் முடிவெடுக்கலையாக்கும்னு நெனச்சேன். எடத்துக்குக் கொறையில்ல ஆச்சி, பின்னாடி அம்புட்டும் சும்மாதான் கெடக்கு. ஆனா யாரு மேய்க்கிறது? நானும் அவுகளும் ரெண்டே பேரு.”

அப்பச்சியின் பேப்பர் மெல்ல ஆடத் தொடங்கியது.

“டீசல் முந்நூறு பீப்பா. அது சரி, கரண்டு போற ஊரு, ஒதவும். இந்த வில்லு பன்னெண்டு, அம்பு ஆயிரம்னு இருக்கே, அது ஒங்க பக்கத்து மொறையா ஆச்சி? எங்க பக்கம் கேள்விப்பட்டதில்ல. தப்பா எடுத்துக்காதீங்க, அத எங்க வைக்கிறது, பூச வீட்லயா என்னன்னு கேட்டுக்கிட்டா நல்லதுன்னுதான்.”

“அது கதை ஆச்சி” என்றாள் அம்மா. “ஒரு சீனாக்காரி. உலகம் அழியப்போகுதுன்னு வாங்கி வச்சது. புள்ள போன்ல படிக்கிது. லிஸ்ட்டோட ஒட்டிக்கிட்டு வந்துருச்சு.”

அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு. “அப்பாடி! நான் ராத்திரியெல்லாம் வாத்துக்கு என்ன தீனி போடுவாகன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், அவுக பாவம் தூங்கவே இல்ல.” சிரித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: “அப்ப அந்தக் கடேசிப் பக்கமும் கதைதானா ஆச்சி? ‘நான்’னு போட்டு பதினொண்ணு. கீழ, ‘மீதி இங்கேயே இருக்கட்டும், அம்மாவிடம் எப்படிச் சொல்வது’ன்னு இருக்கு.”

பேப்பர் ஆடுவது நின்றது. அம்மா இலையைப் பார்த்தாள். அப்பளத்தை ஒடித்து இலையின் ஓரத்தில் வைத்தாள்.

“இல்ல ஆச்சி. அது கதை இல்ல. பெறகு கூப்புடுறேன்.”

அன்று முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை. கோபமாகவும் இல்லை. கேட்டதற்குத் தலையசைத்தாள், மாலையில் காப்பி கொடுத்தாள். அதைவிட அவள் கத்தியிருக்கலாம். மாப்பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது: “மூணு மாடி. வாத்து நடந்து ஏறிரும். அண்டாதான் ஏறாது. பதினொண்ணு நல்ல நம்பர்.” நான் அன்றைய இரண்டு அத்தியாயத்தைப் படித்தேன். கதாநாயகி தன் கிட்டங்கிக்குள் தனியாக நடந்து, அடுக்கியவற்றைப் பார்த்து மனநிறைவு அடைந்தாள். அவளை எனக்கு அன்றுபோல என்றும் பிடிக்காமல் போனதில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சாமான் அறையில் விளக்கு எரிந்தது. அம்மா கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் வாசலில் நின்றேன்.

“அவளக் கேட்டேன்ல,” என்றாள், “எதுக்குடி வாங்குனன்னு.”

“ஆமா.”

“வாங்குறப்ப சந்தோசமாத்தான் இருந்துருப்பா.”

முதல் அறுபது அத்தியாயங்களையும் ருசித்துப் படித்தவளுக்கு அதில் மறுக்க ஒன்றும் இல்லை. “ஆமாம்மா,” என்றேன். “அவ வாங்குற எடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம்.”

“கடக்காரன் ‘யாருக்கும்மா’ம்பான். பொண்ணுக்குன்னு சொல்லுவேன். நீ அப்ப தவழ்ந்துக்கிட்டு இருந்த.” மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவள் குரல் மாறியது. எனக்கு நன்றாகத் தெரிந்த, கீழ ராஜ வீதியில் விலை பேசும் குரல். “சரி. அந்தப் பதினொண்ண வாசி.”

வாசித்தேன். குக்கர், தோசைக்கல், வாணலி, இட்லிப் பானை, பால் பாத்திரம், காப்பி ஃபில்டர், அஞ்சறைப் பெட்டி, தூக்கு, தாம்பாளம், குடம், அரிசி டிரம்.

“இட்லிப் பானை என்ன சைஸு?”

“சைஸ் போடலம்மா.”

“தூக்கு?”

“அதுக்கும் போடல.”

“டிரம்மு?”

அளவுப் பத்தியைக் காலியாகவே விட்டிருந்தேன். யாருடைய வேலையிலாவது இப்படி ஒரு ஓட்டையைப் பார்த்திருந்தால் சிவப்பில் எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

“சரி, பதினொண்ணுன்னா பதினொண்ணுதான்,” என்றாள் அம்மா, எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு. “சைஸ நான் பாத்துக்கிறேன். ஆனா எல்லாத்தையும் கூடத்துல பரப்பணும். அதுல ஒண்ணு கொறைய விடமாட்டேன்.”

பரப்பினோம். நானூற்று இருபத்து மூன்றும் கூடம் கொள்ளாமல் நின்றன. அம்மா பட்டுச் சேலையில் அதன் நடுவே நடந்தாள். அவ்வளவு அழகாக நான் அவளைப் பார்த்ததில்லை. மாப்பிள்ளையின் தாயார் ஒவ்வொரு வரிசையாகச் சுற்றி வந்து, என் காதருகே குனிந்து, “எல்லாம் சரி ஆத்தா, வில்லத்தான் காணோம்” என்றார். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

ஒரு வாரம் கழித்துச் சென்னைக்குச் சாமான் வந்தது. பதினொன்று. எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தூக்கிவந்த ஆள் மூன்றாவது மாடிப் படியில் இட்லிப் பானையை இறக்கி வைத்து, “உள்ள என்னம்மா, கல்லா?” என்றார். அது நூறு பேருக்கு இட்லி அவிக்கிற பானை. திறந்தேன். உள்ளே அதைவிடச் சிறிய பானை. அதற்குள் ஒரு சட்டி. அதற்குள் ஒரு சம்புடம், சம்புடத்துக்குள் ஆறு கிண்ணம், கடைசிக் கிண்ணத்துக்குள் இரண்டு கரண்டி, குறுக்காக. இடுக்குகளிலெல்லாம் பழைய பேப்பரைத் திணித்திருந்ததால் ஒரு சத்தம் இல்லை. தூக்கு என்று வந்தது ஐந்தடுக்கு. அரிசி டிரம்மின் அடியில் பணியாரச் சட்டியும், அதன் குழிகளை நிரப்பிக்கொண்டு ஏழு பொட்டலம் புளியும் இருந்தன.

புளியை விட்டுவிட்டு எண்ணினேன். ஐம்பத்து மூன்று.

அம்மா போன் செய்தாள். அம்மாவிடமும் ஒரு வெள்ளிக் காப்பு இருக்கிறது என்று எழுதினால் மிகையாகிவிடும். அவள் கையில் இரண்டு தங்க வளையல்தான். “வந்துருச்சா?” என்றாள்.

“வந்துருச்சும்மா.”

“எத்தன?”

“பதினொண்ணு.”

“அதான அனுப்புனேன்” என்றாள், ஒரு சிரிப்பும் இல்லாமல்.

நான் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன். “அப்ப அங்க மீதி எத்தன இருக்கும்மா? நான் லிஸ்ட்டத் திருத்தணும்.”

“என்ன, ஒரு முந்நூத்தம்பது இருக்கும்.”

“முந்நூத்தி எழுவது இருக்கணும்.”

“இருக்கணும்னா? எண்ணித்தான சொல்றேன்.”

“இருவது கொறையுதேம்மா. எங்க போச்சு?”

அந்தப் பக்கம் வாளி ஒன்று நகரும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண், “இது போதும் ஆச்சி, வாரேன்” என்பது தூரத்தில் கேட்டது. அம்மா போனை மறுபடி வாய்க்கருகே கொண்டுவந்தாள்.

“அந்தச் சீனாக்காரிக்கும் இருவது வாத்து கொறஞ்சுச்சே. கண்டுபிடிச்சியா?”

“இல்ல. எழுதுனவுக தப்பு பண்ணிட்டாங்கன்னு போட்டு வச்சிருக்கேன்.”

“தப்பெல்லாம் இல்ல. யாருக்காச்சும் குடுத்துருப்பா. எழுதுனவுகளுக்குத் தெரியாம.”

போனை வைத்த பிறகு ‘அவள்’ பக்கத்துக்குப் போனேன். வாத்துக்கு நேரே இருந்த கேள்விக்குறியை அழிக்கவில்லை. பக்கத்தில் அம்மா சொன்னதை எழுதி வைத்தேன். கணவர், வைக்க இடம் கிடைக்காத இட்லிப் பானையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் நாற்காலி இன்னும் வாங்கவில்லை. போனில் அன்றைய அத்தியாயம் வந்திருந்தது. இருநூற்றுப் பத்தாவது. அதிலும் அவள் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. முடித்ததும் செயலி, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது.

பிறகு.